எட்டாம் நாள் சீட்டு

ஆம்பூரில் பன்னிரண்டு வருஷம் அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் தானாக நடந்து வந்து கையை நீட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் காக்கிக் கோட்டும் தகரப் பெட்டியும் தெருமுனையில் தெரிந்தால் போதும், கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய்விடுவார்கள். எப்படியோ பிடித்துக் குத்திவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தாய்மார்கள் கீறலில் வைத்த அம்மைப்பால் மருந்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவார்கள். ஆடி மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதத்தில் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் பார் என்று என் காதுபடவே திட்டுவார்கள். நான் கிறிஸ்தவன், பெயர் ஆரோக்கியசாமி. வாங்கிய திட்டுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து எனக்கும் வாய் நீண்டுவிட்டது.

1930-ஆம் வருஷம், அதே ஆடி மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை அமிர்தவள்ளி நான் அம்மை குத்தும் கொட்டகையைத் தேடி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. தலைமயிரெல்லாம் மஞ்சள் தூள் படிந்திருந்தது. தோல் பதனிடும் கிடங்கில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தத் தூள் எத்தனை தலைமுழுகினாலும் போகாது.

"ஐயா, எனக்கும் கொயந்தைக்கும் அம்மை குத்தணும்" என்றாள்.

நான் நம்பவில்லை. "யார் அனுப்பினாங்க உன்னை? கேலி பண்றியா?" என்றேன்.

அவள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பலபேரிடம் நீட்டி நீட்டி, மடிப்புகளில் கிழிந்திருந்தது. அவள் புருஷன் காசிநாதன் மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வடிக்க மரம் வெட்டுகிறான். கர்ப்பமாக இருந்தவளை விட்டுவிட்டுப் போனவன், குழந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது எழுதியிருந்தான்: ரப்பர் விலை விழுந்துவிட்டது, தோட்டத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவனை மட்டும் வைத்துக்கொள்வதாகத் துரை சொல்லியிருக்கிறான். ஆடி மாதக் கப்பலுக்குப் பிறகு புதிதாக யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். ஆகையால் எப்பாடு பட்டாவது அந்தக் கப்பலில் வந்துவிடு, நான் ஐந்தாறு நாள் முன்னாடியே தோட்டத்தை விட்டுப் புறப்பட்டு வந்து பினாங்குக் கரையில் நிற்பேன். பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை போட்டுக் கூட்டிவா, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

கடைசியில்தான் என் சங்கதி இருந்தது. கப்பலில் ஏறும்போது அம்மை குத்திய கையைக் காட்டவேண்டும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று குத்தியவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் காட்டவேண்டும்.

கடிதம் தோட்டத்திலிருந்து வந்து சேர ஒரு மாதம் ஆகியிருந்தது. நாளை விட்டு அடுத்த ஞாயிறு மத்தியானம் ரயில், திங்கட்கிழமை சென்னையில் கப்பல். குத்தினால் எட்டாம் நாள்தான் அது கொப்புளமாக எழும்பியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். இன்று சனிக்கிழமை, எட்டாம் நாள் அடுத்த சனிக்கிழமை. ஒரு நாள்கூட மிச்சமில்லை.

"நல்ல நேரத்துல வந்தே போ. நேத்து வந்திருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டே கத்தியைச் சாராயத்தில் துடைத்தேன்.

"நேத்துதான் ஐயா காயிதம் படிக்க ஆள் கெடச்சாங்க" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க சுண்ணாம்புக் குழி சவரிமுத்து தாத்தா மவன்தானே?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், என் அப்பா அதே கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் தோலை மிதித்தவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கோட்டு மாட்டி, அந்த நாற்றத்தை உடம்பிலிருந்து போக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாராவது அதை ஞாபகப்படுத்தினால் பிடிக்காது. "அதெல்லாம் எதுக்கு இப்போ? கையைக் காட்டு" என்றேன்.

அவளுடைய இடது கையில் நாலு இடம், குழந்தையின் இடது கையில் நாலு இடம் கீறி அம்மைப்பால் வைத்தேன். குழந்தையின் பெயர் கங்கம்மா. அழவில்லை, என் கோட்டுப் பித்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. என்னிடம் அழாத குழந்தையைப் பார்த்தால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது. உபதேசத்தில் இறங்கிவிட்டேன். கப்பலில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வாந்தி வந்தால் உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்கிக்கொள், கீழ்த்தட்டில் படுக்காதே, காற்றோட்டமான இடமாகப் பார்த்துப் படு, ஈ மொய்த்த பண்டத்தைக் குழந்தைக்குக் கொடுக்காதே. கடலையே கண்ணால் பார்க்காத நான் பத்துத் தடவை கப்பல் ஏறி இறங்கியவன்போல் பேசினேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

"கப்பல் டாக்டர் உடம்பெல்லாம் உத்துப் பார்ப்பாராமே ஐயா? பழுது இருந்தா கழிச்சுடுவாராமே?"

கிடங்கில் தரம் பிரிக்கிறவர் தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். உண்ணி கடித்த வடு, சூடு போட்ட தழும்பு, அம்மைப் புள்ளி எது இருந்தாலும் கழிவில் தூக்கிப் போட்டுவிடுவார். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறாள் என்று புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஆமா, நல்லா உத்துப் பார்ப்பாரு. உங்க கிடங்குக்காரரைவிட ஜாஸ்தியா பார்ப்பாரு" என்றேன் வேடிக்கையாக.

"அப்போ இந்தப் புண்ணை இன்னா செய்யணும்?"

"பத்திரமா பாத்துக்கோ. அழுக்குப் படாம வெச்சுக்கோ. எட்டாம் நாள் வந்து காட்டு."

இதைத்தான் சொன்னேன். தொடாதே, ஒன்றும் போடாதே, அது பழுத்துச் சீழ் கட்டட்டும் என்று சொல்லவில்லை. துடைத்துவிடாதே என்று ஊரெல்லாம் கத்துகிறவன், இவளுக்குச் சொல்ல அவசியமில்லை என்று விட்டுவிட்டேன். இவளே கேட்டு வந்தவள், துடைக்கமாட்டாள் அல்லவா?

எட்டாம் நாள் காலை, நான் கொட்டகையைத் திறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் வைத்து வாரி, புதுச் சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல், கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு மலர்ச்சி. தன் இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"என் கை அசிங்கமா இருக்குது ஐயா. எனக்குப் பார்த்துக்க வேளையில்ல. கொயந்தை கையைப் பாருங்க" என்று குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

நான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நாலு மெல்லிய கோடு, அதுவும் ஆறி, தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. கை மொழுமொழுவென்று இருந்தது.

"ஒரு வடு இல்லாம ஆத்திட்டேன்" என்றாள் பெருமையாக. "டாக்டர் எங்க தேடினாலும் கிடைக்காது."

குனிந்து முகர்ந்தேன். ஆவாரம்பட்டை வாசனை வந்தது.

கிடங்குத் தெருவில் எந்தப் புண்ணுக்கும் அதுதான் வைத்தியம். தோலைச் சீவும் கத்தி பட்டாலும் சரி, சுண்ணாம்பு வெந்தாலும் சரி, ஆவாரம்பட்டையைக் காய்ச்சிக் கழுவி, தூளை அப்பிவிடுவார்கள். புண் சீழ் பிடிக்காமல் சுண்டி ஆறிவிடும். என் அம்மா என் முழங்காலுக்கு எத்தனை தடவை அப்பியிருக்கிறாள்! வேறு ஊரிலிருந்து வந்த உத்தியோகஸ்தனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்ததை மறந்துவிட வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக நானே பாடுபட்டிருக்கிறேன்.

என் தப்பு என்று தெரிந்ததும் மனுஷன் என்ன செய்வான்? கத்துவான். நானும் கத்தினேன்.

"அடிப் பாவி! யார் உன்னை ஆத்தச் சொன்னது? எப்போ போட்டே இதை?"

"அன்னிக்கே, வூட்டுக்குப் போனதும். தெனம் நாலு வேளை" என்றாள். அவள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. "நீங்கதானே பத்திரமா பாத்துக்கச் சொன்னீங்க?"

அவளுடைய முந்தானையை விலக்கச் சொன்னேன். அவள் கையில் நாலும் அருமையாக எழும்பியிருந்தன. நடுவில் குழி, சுற்றிலும் சிவப்பு வளையம். மேலதிகாரி பார்த்தால் எனக்குச் சபாஷ் சொல்லுவார். கவனிக்காமல் விட்ட கை எழும்பிவிட்டது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட கை வீணாகிவிட்டது.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். புண் வரத்தான் குத்துகிறோம், புண்தான் சாட்சி, அது இல்லாவிட்டால் சீட்டு இல்லை. பாதி சொல்லும்போதே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ மறுபடி குத்துங்க ஐயா."

குழந்தையின் வலது கையில் குத்தினேன். குத்தும்போதே இருவருக்கும் தெரியும், இது எழும்ப இன்னும் ஏழு நாள் ஆகும், ரயில் நாளைக்கு.

"எழும்பிச்சுன்னு எழுதிக் குடுங்க. ஒரு வார்த்தைதானே? உங்க காலைப் புடிக்கிறேன்" என்று என் செருப்பின்மேல் தலையை வைத்தாள். குழந்தையும் விளையாட்டென்று நினைத்துப் பக்கத்தில் குனிந்தது.

"பொய் எழுதினா என் உத்தியோகம் போய்டும். உன் ஒருத்திக்காக நான் ஜெயிலுக்குப் போகவா?" என்றேன்.

"அவரு கரையில வந்து நிப்பாரு ஐயா. இந்தக் கப்பலை விட்டா வேற கப்பல் இல்ல. பொண்டாட்டி புள்ள வரலன்னா அவரையும் தோட்டத்தை விட்டுத் துரத்திடுவாங்க. இங்கயும் கிடங்கை மூடப் போறாங்க, குடிசையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் இதைத் தூக்கிக்கினு எங்க போவேன்?"

 அப்படியும் நான் எழுதவில்லை. அவளுக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரார் என்னைக் கண்டு கதவைச் சாத்துவதைப் பற்றி அவ்வளவு பேசினேனே, அன்று நான் சாத்தினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலேயே குழந்தையின் அலறல் கேட்டது. அமிர்தவள்ளி ஓட்டமும் நடையுமாக வந்தாள், தலையில் மூட்டை, தோளில் குழந்தை. என் எதிரில் நின்று, மூச்சு வாங்க, குழந்தையின் இடது கையைப் பிடித்துக் காட்டினாள்.

நாலு புண். சரியாக நான் கீறிய நாலு இடத்தில். தோல் வெந்து வெள்ளையாகக் கொப்புளித்து, சுற்றிலும் சிவந்திருந்தது.

"இப்போ இருக்குதில்ல? இப்போ எழுதுங்க" என்றாள்.

என் அப்பாவின் கால்விரல் இடுக்கில் அந்தப் புண்ணைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சுண்ணாம்பு. கிடங்குக் குழியிலிருந்து புதுச் சுண்ணாம்பை வழித்துக்கொண்டு வந்து வைத்துக் கட்டியிருக்கிறாள்.

"நீயா வெச்சே?"

"நான்தான். என் கையைப் பார்த்துப் பார்த்தே வெச்சேன். அதே தூரம், அதே அளவு" என்றாள். "கத்திச்சு. அதோட வாயைப் பொத்திட்டேன். எனக்கு வேற இன்னா வழி சொல்லுங்க?"

குழந்தை என்னைப் பார்த்ததும் என் பக்கம் கையை நீட்டியது. முதல் தடவை பித்தானைப் பிடித்து விளையாடினோமே, அந்த ஞாபகம். அதன் கண்ணைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. பெட்டியைத் திறந்தேன், சீட்டை எடுத்தேன், 'இடது கை, நாலு இடம், நன்றாக எழும்பியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  புண்ணில் தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டேன். அங்கே ஜனக்கூட்டத்தில் யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ரயிலடி வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கோட்டு மாட்டிய பிறகு நான் யாருக்கும் மூட்டை தூக்கியதில்லை. வண்டி நகரும்போது, "வர்றேன் அண்ணா" என்றாள். அதுவரை ஐயா என்றவள்.

திங்கட்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் அமிர்தவள்ளி. இடுப்பில் குழந்தை, சிவப்புச் சட்டை கசங்கி அழுக்காயிருந்தது.

"கழிச்சுட்டாரு" என்றாள்.

நான் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாகச் சொன்னாள். துறைமுகத்தில் நீள வரிசை. டாக்டர் அவசர அவசரமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போ போ என்று தள்ளிவிட்டார். இவள் முறை வந்தபோது குழந்தை வலி தாங்காமல் வீரிட்டது. இவ்வளவு ஏன் கத்துகிறது என்று துணியை அவிழ்த்துப் பார்த்தார். இது அம்மைப் புண் இல்லை, சுட்ட புண் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"நீ வேணும்னா போ, கொயந்தை வரக்கூடாதுன்னாரு. பின்னாடி நின்னவங்க கூட, யார்கிட்டயாவது வுட்டுட்டுப் போயேன்னாங்க. எப்படி வுட்டுட்டுப் போறது அண்ணா? எங்க வூட்டுக்காரரு பார்க்கணும்னு சொன்னதே இதைத்தானே?"

"குழந்தை சீட்டு எங்கே?" என்றேன்.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "இதை யார் எழுதினதுன்னு கேட்பாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் கைக்குப் போறதுக்குள்ள மறைச்சுக்கினேன். தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். உங்க வேலை போய்டும்னீங்களே."

நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதேன். சனிக்கிழமை அவள் என் காலில் விழுந்தபோதே எழுதியிருந்தால், அவள் சுட்டிருக்கமாட்டாள். சுடாதிருந்தால் குழந்தை வீரிட்டிருக்காது. வீரிடாதிருந்தால், சீட்டைப் பார்த்துவிட்டுப் போ என்று அவர் தள்ளிவிட்டிருப்பார். பொய்யை எழுதுவதிலும் நான் ஒரு நாள் தாமதமாகிவிட்டேன்.

தோட்டத்துக்கு அன்றைக்கே தந்தி அடித்தேன். பதில் வரவில்லை. காசிநாதன் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட பிறகுதான் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் குடிசைக்குப் போனேன். காலி செய்யச் சொன்னவர்கள் மாத முடிவு வரைக்கும் விட்டிருந்தார்கள். குடிசைக்குள் ஒரு பானையும் அந்த மூட்டையும்தான் இருந்தன. மூட்டையை அவள் அவிழ்க்கவே இல்லை. குழந்தையின் இடது கைப் புண்ணுக்கு மருந்து வைக்கப் போனேன். குழந்தை வலது கையைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்துச் சட்டைக் கையை மடித்தேன்.

நாலும் எழும்பியிருந்தன. முத்து முத்தாக, நடுவில் குழியோடு, சிவப்பு வளையத்தோடு. என் பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக எழும்பி நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை அவள் அதைத் தொடவே இல்லை.

அமிர்தவள்ளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது சரியா வந்திருக்குதா அண்ணா?"

"சரியா வந்திருக்கு."

"அப்போ சீட்டு எழுதுங்க."

"எதுக்கம்மா இப்போ?" என்றேன். 

"எழுதுங்க" என்றாள் பிடிவாதமாக.

எழுதினேன். 'வலது கை, நாலு இடம், நன்றாக எழும்பியது.' இந்தத் தடவை ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் வாங்கி, மை காய ஊதி, மடியில் முடிந்துகொண்டாள். பிறகு குழந்தைக்கு முகம் கழுவிவிட்டாள். கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"கப்பல் எப்போ போய்ச் சேரும்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை புறப்பட்டது, ஏழாம் நாள் பினாங்கு. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குத்தான்" என்றேன்.